மீண்டும் தலைகாட்டும் மார்பகப் புற்றுநோய்: குறியிலக்குக் கதிர்வீச்சும் இறை நம்பிக்கையும்

பெங்களூரு ஓசூர் சாலையில் காலை ஏழு மணிக்கு முன்னரே கூட்டம் சேர்ந்துவிடும் இடங்களுள் ஒன்று கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தின் வாயில். கோலார், துமகூரு, சாமராசநகரம் ஆகிய கர்நாடக மாவட்டங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்குவோரோடு, ஆந்திரத்தின் சித்தூர், அனந்தபூர் பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும் வருவோரும் அங்குக் காத்திருப்பர். கையில் துணிப்பை, அதனுள் பழைய சி.டி. படங்கள், நெற்றியில் திருநீறோ குங்குமமோ. முதன்முறை வருபவர் யார், மறுமுறை வருபவர் யார் என்பதைச் சற்று நேரம் அமர்ந்து கவனித்தால் கண்டுகொள்ளலாம். மறுமுறை வருபவர் எவரிடமும் வழி கேட்பதில்லை.

இக்கட்டுரை அந்த மறுமுறை வருபவர்களைப் பற்றியது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் கதிர்வீச்சும் பெற்று, குணமாகிவிட்டது என்று வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு மூன்றாண்டுக்குப் பின்னோ பதினைந்தாண்டுக்குப் பின்னோ அந்நோய் மீண்டும் தோன்றுமாயின், இன்றைய மருத்துவம் அவருக்கு அளிக்கக்கூடியது என்ன, அதில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு, அவர் பற்றிக்கொண்டிருக்கும் இறை நம்பிக்கை சிகிச்சைக்குத் துணையா தடையா என்பவை இங்கு ஆராயப்படுகின்றன. இப்பொருளில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. என் தமக்கையார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இந்நிலையை அடைந்தவர். தேவைப்படும் இடங்களில் மட்டும் அவரைப் பற்றிக் கூறுவேன்.

நோயின் பரப்பு

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளியிட்ட 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வாண்டு மார்பகப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளானோர் ஏறத்தாழ 1,92,000 பேர். அந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று. இரண்டு பேருக்கு நோய் காணும் காலத்தில் ஒருவர் இறக்கிறார் என்ற இவ்விகிதம் மேலை நாடுகளில் இதைவிட மிகவும் குறைவு. நம் பெண்கள் காலந்தாழ்த்தி வருவதும், தொடங்கிய சிகிச்சையை முடிக்காமல் விடுவதும், முடித்தபின் தொடர் பரிசோதனைக்கு வராமல் இருப்பதும் இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணங்கள்.

பெங்களூரைப் பொறுத்தவரை நம்மிடம் நல்ல புள்ளிவிவரம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ் 1982 முதல் பம்பாய், சென்னை, பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையிலான பதிவு தொடங்கிற்று. பெங்களூரில் அப்பொறுப்பை ஏற்றது, 1973இல் நிறுவப்பட்டு 1980இல் மண்டலப் புற்றுநோய் மையமாக உயர்ந்த கித்வாய் நிலையமே. பதிவு தொடங்கிய ஆண்டுகளில் இந்நகரப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அவ்விடத்தை மார்பகப் புற்றுநோய் பிடித்துக்கொண்டுள்ளது. 2020இல் வெளிவந்த பதிவேட்டு அறிக்கைப்படி பெங்களூரில் வயதுசீர் செய்த விகிதம் ஒரு லட்சம் பெண்களுக்கு 40 என்ற அளவைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. ஐதராபாத்தும் சென்னையும் மட்டுமே அதற்கு மேல். தாமதமாகத் திருமணம், குறைந்த மகப்பேறு, குறுகிய தாய்ப்பால் காலம், உடல் பருமன் ஆகியன நகர வாழ்வோடு சேர்ந்து வருவதால், நகரங்கள் பெருகப் பெருக இவ்வெண்ணும் பெருகும் என்று எதிர்பார்ப்பதே அறிவுடைமை.

மீண்டும் தோன்றுதல் என்பது என்ன?

முதல் சிகிச்சையில் கண்ணுக்குத் தெரிந்த கட்டி அகற்றப்படுகிறது. ஆனால் எந்தக் கருவிக்கும் அகப்படாத சில உயிரணுக்கள் எங்கேனும் உறங்கிக் கிடக்கக்கூடும். அவை விழித்துப் பெருகுவதே மீள்தோற்றம். அது மூவகைப்படும். அறுவை நடந்த அதே மார்பிலோ மார்புச் சுவரிலோ தோன்றுவது ஒன்று. அக்குள், கழுத்தெலும்பின் மேற்புறம் போன்ற நிணநீர்க் கணுக்களில் தோன்றுவது மற்றொன்று. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று தொலைவிலுள்ள உறுப்புகளில் தோன்றுவது மூன்றாவது. முதலிரண்டிலும் நோயை முற்றிலும் களைவதே பெரும்பாலும் நோக்கம். மூன்றாவதில் நோயை அடக்கி வைத்து, நல்ல வாழ்நாளை நீட்டிப்பது நோக்கம். இவ்வேறுபாட்டை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தெளிவாகச் சொல்லாததால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.

காலமும் ஒரே சீராக இருப்பதில்லை. ஹார்மோன் ஏற்பிகளோ ஹெர்-2 புரதமோ இல்லாத வகை, திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுக்குள் திரும்பிவிடும். ஹார்மோன் ஏற்பிகள் உள்ள வகையோ பொறுமைசாலி. ஐந்தாண்டு மாத்திரையை ஒழுங்காக முடித்த பெண்களை 20ஆம் ஆண்டுவரை பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. அந்தப் பதினைந்தாண்டுக் காலத்தில் தொலைவுறுப்புகளில் நோய் தோன்றும் வாய்ப்பு, கட்டி சிறியதாகவும் நிணநீர்க் கணுக்கள் தூய்மையாகவும் இருந்தவர்களுக்கு 13 விழுக்காடு. பல கணுக்களில் பரவியிருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. "ஐந்தாண்டு கடந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று நம் ஊரில் சொல்லும் ஆறுதல் மொழி இவ்வகைக்குப் பொருந்தாது.

என் தமக்கையாருக்கு ஒன்பதாண்டுகள் கழித்து இடப்பக்க விலாவில் வலி கண்டது. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் அதைத் தசைப்பிடிப்பு என்று கருதித் தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தனர். மூன்று மாதம் அவ்வாறே கழிந்தது. முன்பு புற்றுநோய் இருந்ததை அவர் அங்குச் சொல்லவேயில்லை, அவர்களும் கேட்கவில்லை. முன்பு மார்பகப் புற்றுநோய் கண்ட ஒருவருக்குப் புதிதாக எழுந்து சில வாரங்களில் தணியாத எலும்பு வலியோ, தொடர் இருமலோ, ஓயாத தலைவலியோ இருந்தால், அது வேறொன்று என்று மெய்ப்பிக்கப்படும் வரை சந்தேகத்திற்குரியதே. தாலுகா மருத்துவமனை முதல் ஆரம்பச் சுகாதார நிலையம் வரை சுவரில் எழுதி வைக்கத்தக்க செய்தி இது.

மீள்தோற்றம் என்று ஐயம் எழுந்தால், இயன்றவரை மறுபடியும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டியின் இயல்பும் திரும்பி வந்ததன் இயல்பும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. ஹார்மோன் ஏற்பி இருந்தது இல்லாமற் போகலாம், இல்லாதது தோன்றலாம். மருந்துத் தேர்வு அதைப் பொறுத்தது. ஹெர்-2 வகைக்குரிய டிராஸ்டுசுமாப் மருந்தின் ஒப்புயிரி வடிவத்தைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014இல் சந்தைக்குக் கொண்டு வந்ததும், அதே மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்ததும் இந்நகரம் பெருமை கொள்ளத்தக்கவை.

கோபால்ட்டிலிருந்து முடுக்கி வரை

தமிழ் நாட்டார் கதிர்வீச்சைக் "கரண்ட் வைத்தல்" என்பர். சொல் பிழையாயினும், அதில் ஓர் அச்சம் அடங்கியிருக்கிறது. உண்மையில் கதிர்வீச்சின்போது உடலில் எந்த உணர்வும் ஏற்படுவதில்லை. உயர் ஆற்றல் ஊடுகதிர்கள் உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகளை முறிக்கின்றன. இயல்பான உயிரணு அம்முறிவைச் செப்பனிட்டுக்கொள்ளும் திறனுடையது. புற்றணுவுக்கு அத்திறன் குறைவு. இச்சிறு வேறுபாட்டின் மேல்தான் கதிர்வீச்சு மருத்துவம் முழுவதும் நிற்கிறது. ஆகவேதான் மொத்த அளவைப் பல தவணைகளாகப் பிரித்து, இடையில் நல்ல அணுக்கள் தேறுவதற்கு நேரம் விடுவர். அளவை "கிரே" என்ற அலகால் குறிப்பர். மார்பகத்திற்கு நெடுங்காலம் வழக்கிலிருந்தது நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே.

நம் நாட்டில் இத்துறையின் வரலாறு சென்னை அடையாறோடு இணைந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்திற்கு 1957இல் கனடா நாட்டிலிருந்து கோபால்ட்-60 கருவி வந்து சேர்ந்தது. கோபால்ட் கருவி எளியது, உறுதியானது, மின்தடையால் பெரிதும் பாதிக்கப்படாதது. குறையும் உண்டு. அதன் அரையாயுள் 5.27 ஆண்டுகள். அதாவது ஐந்தேகால் ஆண்டு கழிந்தால் அதே அளவைச் செலுத்த இருமடங்கு நேரம் பிடிக்கும், வரிசை நீளும். காலத்தில் புதிய கோபால்ட் மூலத்தை வாங்கிப் பொருத்துவதற்கு நிதி ஒதுக்காத மருத்துவமனையில் கருவி இருந்தும் இல்லாதது போலாகும். வரவு செலவுத் திட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர்: மூலதனச் செலவுக்கு எளிதாகக் கிடைக்கும் ஒப்புதல், பராமரிப்புச் செலவுக்குக் கிடைப்பதில்லை.

இன்று பெருமருத்துவமனைகளில் கோபால்ட்டின் இடத்தை மின்னணுக்களை முடுக்கி ஊடுகதிர் உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் பிடித்துள்ளது. ஆயினும் சிறு நகரங்களுக்குக் கோபால்ட் இன்னும் தேவையே. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த "பாபாட்ரான்" என்ற உள்நாட்டுக் கோபால்ட் கருவியை உற்பத்தி செய்வது பெங்களூரின் பனேசியா நிறுவனம் என்பதும், அக்கருவி வியட்நாமுக்கு இந்தியாவின் நன்கொடையாகச் சென்றது என்பதும் குறிப்பிடத்தக்கவை. பத்து லட்சம் மக்களுக்கு ஒரு கருவியேனும் வேண்டும் என்பது பன்னாட்டளவில் பேசப்படும் அளவுகோல். நம்மிடம் இருப்பது அத்தேவையில் ஏறத்தாழப் பாதியே. இருப்பவையும் பெருநகரங்களில் குவிந்துள்ளன.

குறியிலக்குக் கதிர்வீச்சு

பழைய முறையில் கதிர் இரண்டு அல்லது நான்கு திசைகளிலிருந்து அகலமாகப் பாயும். கட்டியோடு சுற்றியுள்ள நல்ல திசுவும் கணிசமான அளவைப் பெறும். புதிய முறையின் தத்துவம் எளிது. பல திசைகளிலிருந்து மெலிந்த கதிர்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் தன் வழியில் சிறு அளவையே விட்டுச் செல்கிறது. எல்லாம் சந்திக்கும் புள்ளியில் மட்டும் அளவு மலைபோல் உயர்கிறது. பல சிறு வாய்க்கால்கள் வழியெங்கும் கரையை உடைக்காமல் வந்து ஓர் ஏரியை நிரப்புவதோடு இதை ஒப்பிடலாம். இவ்வெண்ணத்தை 1951இல் மூளைச் சிகிச்சைக்காக முதலில் முன்வைத்தவர் சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். அவர் வழிவந்த காமா கத்தி பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் உள்ளது. பெயரில் கத்தி இருப்பினும் அதில் வெட்டு இல்லை. மூளையில் சில இடங்களில் மட்டும் பரவிய நோய்க்கு, முழு மூளைக்கும் கதிர் பாய்ச்சி நினைவாற்றலைப் பாதிப்பதைவிட அப்புள்ளிகளை மட்டும் தாக்குவது மேல் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

மூளையை மண்டையோடு அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. மார்பும் வயிறும் அவ்வாறல்ல. மூச்சோடு சேர்ந்து அசைகின்றன. எனவே உடலின் பிற பகுதிகளுக்கு இம்முறையைக் கொண்டுவர நெடுங்காலம் பிடித்தது. கணிப்பொறித் திட்டமிடல், சிகிச்சை மேசையின் மேலேயே எடுக்கும் சி.டி. படம், மூச்சின் அசைவைப் பின்தொடரும் கருவிகள் ஆகியன சேர்ந்த பின்னரே ஓரிரு மில்லிமீட்டர் துல்லியம் கைகூடிற்று. துல்லியம் கூடியதால் ஒரு தவணைக்குரிய அளவையும் உயர்த்த முடிந்தது. 2 கிரே என்பதற்குப் பதில் ஒரே தவணையில் 8, 10, 12 கிரே வரை செலுத்தி, மூன்று முதல் ஐந்து தவணைகளில் முடிக்கலாம். இதனையே ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு என்பர்.

முன்பே கதிர் பெற்ற இடத்தில் மீண்டும் செலுத்துவதுதான் கடினமான கணக்கு. தோலும் விலாவும் நுரையீரலும் முன்பு பெற்ற அளவை எளிதில் மறப்பதில்லை. பழைய சிகிச்சைப் பதிவேடு கிடைத்தால் எந்தத் திசு எவ்வளவு பெற்றது என்பதைக் கணக்கிட்டு மிச்சமுள்ள இடத்தை அறியலாம். அப்பதிவேடு இல்லாவிட்டால் மருத்துவ இயற்பியலாளர் ஊகத்தின் மேல் கட்ட வேண்டியிருக்கும். மார்பைக் காத்துச் செய்த அறுவைக்குப் பின் அதே மார்பில் சிறு கட்டியாக நோய் திரும்பினால் மார்பை அகற்றுவதே வழி என்பது முந்தைய விதி. அமெரிக்காவில் 58 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, கட்டியை மட்டும் அகற்றி அப்பகுதிக்கு மட்டும் நாளுக்கு இரு முறை 1.5 கிரே வீதம் 30 தவணைகளில் 45 கிரே அளித்ததில், ஐந்தாண்டில் நோய் மீண்டும் அங்குத் தோன்றியது 5 விழுக்காட்டினருக்கே என்று காட்டிற்று. பத்தில் ஒன்பது பேர் மார்பை இழக்காமல் இருந்தனர். தேர்ந்தெடுத்த சிலருக்கு இது நல்ல வழி, எல்லோருக்கும் அன்று.

தொலைவில் பரவியது ஓரிரு இடங்களில் மட்டும் என்றால் என்ன செய்வது? இந்நிலையைத் தனியாகக் கருத வேண்டும் என்று 1995இல் ஹெல்மன், வைக்செல்பாம் என்ற சிகாகோ மருத்துவர் இருவர் எழுதினர். ஒன்று முதல் ஐந்து இடங்களில் பரவிய பலவகைப் புற்றுநோயாளர் 99 பேரிடம் நடந்த ஆய்வில், குறியிலக்குக் கதிர் பெற்றோருள் ஐந்தாண்டு வாழ்ந்தோர் 42 விழுக்காடு, பெறாதோருள் 18 விழுக்காடு என்ற முடிவு கிடைத்தது. கதிர் பெற்றோருள் மூவர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இம்முடிவால் எழுந்த உற்சாகத்தை மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தணித்தது. 125 பெண்களிடம் நடந்த அதில், மருந்து மட்டும் பெற்றோரைவிட மருந்தோடு குறியிலக்குக் கதிரும் பெற்றோர் அதிகக் காலம் நோய் முற்றாமல் இருந்ததாகக் காணப்படவில்லை. மூன்றாண்டு வாழ்வு முன்னவருக்கு 71.8 விழுக்காடு, பின்னவருக்கு 68.9 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் இரண்டும் ஒன்றே.

அப்படியாயின் இதனால் பயனில்லையா? அவ்வாறு முடிவு கட்டுவதும் தவறு. எலும்பு வலியைத் தணிக்கவும், எலும்பு முறியாமல் காக்கவும், தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழப்பதைத் தடுக்கவும், மருந்துக்கு அடங்காத ஒரே புள்ளியைத் தனியே அடக்கவும் கதிர்வீச்சுக்கு நிகர் வேறில்லை. வலி நீக்கத்திற்கு மட்டுமெனில் பழைய கருவியிலேயே ஒரே தவணையாக 8 கிரே போதும் என்பது பல ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. ஆனால் பரவிய இடங்களையெல்லாம் "சுட்டு எரித்துவிட்டால்" நோய் ஒழிந்தது என்று விளம்பரம் செய்து, வீட்டை அடகு வைக்கச் செய்யும் வணிகத்திற்கு இன்றைய சான்றுகள் இடம் தரவில்லை. மருந்தே அடிப்படை, கதிர் அதற்குத் துணை.

தவணைகளின் பொருளாதாரம்

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தவணைகளின் எண்ணிக்கை. கிருஷ்ணகிரிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து பெங்களூருக்கு வரும் கூலித் தொழிலாளிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். 25 தவணை என்றால் ஐந்து வாரம். நாள்தோறும் வந்துபோக இயலாது, தங்க வேண்டும். உடன் வரும் கணவருக்கோ மகனுக்கோ ஐந்து வாரக் கூலி இல்லை. சிகிச்சை இலவசமாயினும் வாடகை, உணவு, இழந்த கூலி ஆகியவை இலவசமல்ல. பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்புவோருள் பலர் இக்கணக்கினாலேயே திரும்புகின்றனர்.

இங்கிலாந்தில் 4,096 நோயாளரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, முதல்முறை மார்பகக் கதிர்வீச்சை ஒரே வாரத்தில் 5 தவணைகளாக மொத்தம் 26 கிரே அளித்து முடித்தாலும், மூன்று வாரத்தில் 15 தவணைகளாக 40 கிரே அளிப்பதற்குப் பலன் குறைவதில்லை என்று மெய்ப்பித்தது. இதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. புதிய கட்டடம் தேவையில்லை. இருக்கும் கருவியில் அதே மாதத்தில் மூன்று மடங்கு பெண்கள் சிகிச்சை பெறலாம். செலவின்றிக் கிடைக்கும் உற்பத்தித் திறன் உயர்வுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் திட்ட ஆவணங்களில் அரிது.

நிதிப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது; கர்நாடகத்தில் அது மாநிலத் திட்டத்தோடு இணைத்து நடத்தப்படுகிறது. மாவட்ட மருத்துவமனைகளில் மூன்றாண்டுக்குள் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும், அவற்றுள் 200 மையங்கள் 2025-26இலேயே அமையும் என்று 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மருந்தேற்றுதலுக்கு இவை பெரிதும் உதவும். கதிர்வீச்சுக்கு நகரத்தையே நாட வேண்டியிருக்கும்.

நம்பிக்கையின் இடம்

இனி, அதிகம் பேசப்படாத பகுதிக்கு வருவோம். நோயாளிகளில் பெரும்பாலோர் இறை நம்பிக்கை உள்ளவர்கள். மருத்துவமனைக்குள் அந்நம்பிக்கை சில வேளைகளில் மிகச் சாதாரணமான உருவத்தில் குறுக்கிடுகிறது. மார்பில் கதிர் பாயும்போது கழுத்தில் உலோகம் இருத்தல் ஆகாது. தாலியைக் கழற்ற வேண்டும். எத்தனையோ பெண்கள் நோய்க்கு அஞ்சியதைவிட இதற்கு அஞ்சியதைக் காணலாம். மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டி, சிகிச்சை நேரத்தில் அதையும் ஒருபுறம் ஒதுக்கி வைத்துக்கொள்ளச் சொல்லும் அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் இச்சிக்கலை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடுவார். கதிர் படும் தோலில் மஞ்சள், சந்தனம், திருநீறு, எண்ணெய் பூசலாகாது. தோல் புண்ணாவதோடு, குறித்து வைத்த கோடுகளும் அழியும். பண்டிகைக்கு எண்ணெய் முழுக்குப் போட்டுக் கோடுகளைத் தொலைத்து, மீண்டும் அளவெடுக்க வந்தவர்கள் உண்டு. இவற்றை முதல் நாளே நோயாளியின் மொழியில், அவருடைய வழக்கத்தை இழிவுபடுத்தாமல் சொல்லிவிட்டால் போதும்.

என் தமக்கையாருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டிய வாரம் கந்த சஷ்டி விரதத்தின் ஆறு நாட்களோடு மோதிற்று. விரதத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். வீட்டில் பூசல். மருத்துவர் அதைக் கேட்டுச் சினம் கொள்ளவில்லை. "ஆறு நாள் பொறுப்பதால் கெடுதல் இல்லை அம்மா; ஆனால் பட்டினி வேண்டாம், எடை குறைந்தால் எடுத்த அளவெல்லாம் மாறிவிடும்; பாலும் பழமும் பருப்பும் சாப்பிட்டு விரதம் இருங்கள்" என்றார். அவ்வாறே நடந்தது. ஒரு வாரத்திற்கு இணங்கிய அம்மருத்துவர், ஒரு மண்டலம் என்று கேட்டிருந்தால் இணங்கியிருக்க மாட்டார் என்பதும் தெளிவு.

விலா எலும்பு மூச்சோடு அசைவதால், ஒவ்வொரு தவணையிலும் ஆழ மூச்சிழுத்து இருபது நொடி அடக்க வேண்டும். அவ்வாறு அடக்கும்போது நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகி நிற்கும் என்பதால் இடப்பக்கச் சிகிச்சைக்கு இது இரட்டைப் பயனுடையது. முதல் நாள் பயிற்சியில் அவரால் பத்து நொடிக்கு மேல் இயலவில்லை. பிறகு, நாள்தோறும் பாராயணம் செய்யும் கவசத்தின் அடிகளை மனத்துள் சொல்லிக்கொண்டால் நேரம் தெரியவில்லை என்றார். இத்தனை அடிகள் முடிந்தால் மூச்சை விடலாம் என்று அவரே ஒரு கணக்கும் வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் கன்னடத்தில் கட்டளையிட்ட இளைஞர், இவர் மூச்சுக்கோடு திரையில் இவ்வளவு நேராக நிற்பது எப்படி என்று வியந்து கேட்டாராம். ஐந்து தவணையும் தடையின்றி முடிந்தன.

இதிலிருந்து பெரிய முடிவுகளுக்குத் தாவலாகாது. பிறர் செய்யும் பிரார்த்தனை நோயின் போக்கை மாற்றுமா என்பதை அமெரிக்காவில் 1,802 இதய அறுவை நோயாளரிடம் சோதித்தனர். 2006இல் வெளியான முடிவு: பயன் காணப்படவில்லை, தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. முற்றிய புற்றுநோயாளர் 345 பேரைப் பற்றி 2009இல் வெளியான வேறோர் ஆய்வு, நோயை எதிர்கொள்ள இறை நம்பிக்கையை மிகுதியாகச் சார்ந்தவர்கள் இறுதி வாரத்தில் செயற்கைச் சுவாசம் போன்ற கடும் சிகிச்சைகளை அதிகம் பெற்றனர் என்று கண்டது. அற்புதத்திற்குக் காத்திருப்பது அவர்களைத் தீவிரப் பிரிவிலேயே நிறுத்திவிடுகிறது போலும். நம்பிக்கை சரணாகதியையே தரும் என்று நாம் எண்ணுவது எப்போதும் உண்மையன்று.

மறுபுறம், மனநிலையை ஒழுங்குபடுத்தும் பயிற்சிகளின் பயனுக்கு நம் பெங்களூரிலேயே சான்று உண்டு. கதிர்வீச்சு பெற்றுவந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 88 பேரிடம் சுவாமி விவேகானந்த யோக நிறுவனத்தார் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், யோகப் பயிற்சி பெற்றோருக்குப் பதற்றமும் சோர்வும் குறைந்தன. கட்டி சுருங்கியது என்று அவர்கள் கூறவில்லை. நோயாளி தவணை தவறாமல் வருவதற்கும் உறங்குவதற்கும் உண்பதற்கும் மனம் இடங்கொடுத்தால் அதுவே சிகிச்சைக்குச் செய்த பேருதவி. ஆபத்து வருவது, மருந்துக்குத் துணையாக நிற்க வேண்டிய நம்பிக்கை மருந்தின் இடத்தையே எடுத்துக்கொள்ளும்போது. திசு ஆய்வு செய்தால் நோய் பரவும் என்று சொல்லி மூலிகைப் பொடியும் மந்திரித்த நீரும் கொடுத்து ஆறு மாதத்தைக் கழிக்கச் செய்வோர் எல்லா மதத்திலும் உள்ளனர்.

நோயை மறைப்பதும் நம்மிடையே ஒரு வழக்கம். மகளின் திருமணம் தடைபடுமென்று அண்டை வீட்டாருக்கும் சொல்வதில்லை. மீண்டும் வந்தாலோ, ஏதோ பாவத்தின் பயன் என்ற எண்ணம் வேறு. எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான தாஹிரா காஷ்யப் 2018இல் தமக்கு வந்த மார்பகப் புற்றுநோயையும், அது திரும்பியதை 2025 ஏப்ரலிலும் வெளிப்படையாக அறிவித்தார். இத்தகைய அறிவிப்புகள் ஒரு சுவரொட்டி இயக்கத்தைவிட அதிகம் செய்யக்கூடியவை.

நோயை அடக்க இனி வழியில்லை என்ற கட்டமும் சிலருக்கு வரும். அப்போது வேண்டுவது வலியின்மையும் மதிப்பும். பெங்களூரில் 1999 முதல் இயங்கிவரும் கருணாஸ்ரயா இல்லம், முற்றிய புற்றுநோயாளருக்குக் கட்டணமின்றி இப்பணியைச் செய்கிறது. வாய்வழி மார்ஃபின் மருந்து விலை மலிவானது. அதைத் தருவதற்குப் பயின்ற மருத்துவரும் உரிய அனுமதியும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை என்பதே குறை.

வெளியூரிலிருந்து வருவோருக்குப் பயன்படும் ஒரு விவரத்தை இங்குக் கூறலாம். சிகிச்சைக்காகவோ தொடர் பரிசோதனைக்காகவோ பயணம் செய்யும் புற்றுநோயாளருக்கு இரயில்வே துறை தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை அளிக்கிறது. உடன் செல்லும் ஒருவருக்கு இவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை. மருத்துவமனை அளிக்கும் சான்றிதழை முன்பதிவு நிலையத்தில் காட்ட வேண்டும். அச்சான்றிதழோடு முதல் சிகிச்சையின் கதிர்வீச்சுப் பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. என் தமக்கையாரிடம் ஒன்பதாண்டுக்கு முந்தைய அந்தத் தாள், பூசை அலமாரியில் பஞ்சாங்கங்களுக்கு அடியில் இருந்தது. மருத்துவ இயற்பியலாளர் முதலில் கேட்டது அதைத்தான்.